வானிலைப் பாடம்: கலர் படம் மட்டும் போதுமா?

வானிலை வரைபடம் தட்டையானது, வானம் அப்படியில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் வானிலையியல் படிக்க வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். தரையில் ஒரு காற்று, சுமார் 10 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்று வேறொரு காற்று. இதைக் காகிதத்தில் கோடு போட்டு எப்படிப் புரிய வைப்பது?

அதற்குத்தான் கம்ப்யூட்டர். கொலராடோவின் போல்டர் நகரில் 1984-ல் தொடங்கிய யூனிடேட்டா, செயற்கைக்கோள், ரேடார் தரவுகளைக் கல்லூரிகளுக்கு உடனுக்குடன் தருகிறது. அதன் ஐ.டி.வி. என்ற இலவச மென்பொருளில் புயலை முப்பரிமாணத்தில் சுழற்றலாம். குறுக்காக வெட்டியும் பார்க்கலாம்.

ஆனால், அழகான படத்தைப் பார்த்தாலே புரிந்துவிட்ட மாதிரி தோன்றும். அதுதான் சிக்கல். குழு வேலை தேவைப்படுவதும் அதனால்தான். ஒருவருக்குத் தரை அழுத்தம், ஒருவருக்குச் சுமார் 5.5 கி.மீ. உயரத்துக் காற்று, இன்னொருவருக்குச் செயற்கைக்கோள் படம். மூவரும் வாதாடி, நாளைக்கு மழை உண்டா, இல்லையா என்று ஒரே முன்னறிவிப்பு எழுத வேண்டும். மறுநாள் வானமே விடைத்தாளைத் திருத்திவிடும். ஒருத்தர் உழைக்க, மற்றவர்கள் பெயர் மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. 'ஏன் அப்படிச் சொன்னீங்க?' என்று ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

2025 மே மாதம் அரசு நிதி வருவதில் இடைவெளி விழுந்ததால், யூனிடேட்டா பெரும்பாலான பணிகளை நிறுத்த நேர்ந்தது. மென்பொருள் இலவசம்தான், அதை நடத்த ஆளும் பணமும் வேண்டுமே! நாளைய புயல் எச்சரிக்கையை எழுதப்போகிறவர்கள் இந்த வகுப்பறைகளில்தான் உருவாகிறார்கள். இதில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் அல்ல.