மகன் கேட்ட படிப்பு, அப்பா சேர்த்த படிப்பு



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஒரே விசாரிப்பு: "மக்ளே, அடுத்து என்ன படிக்கப் போற?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் குமரி மாவட்டத்துக்கு. படிக்கணுமா வேண்டாமா என்ற பேச்சே இங்கே கிடையாது. எதைப் படிப்பது, அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் இழுபறி.

இம்மாவட்டத்துச் சரக்கல்விளை கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டிலும் அப்படி ஓர் இழுபறி நடந்தது. மகனுக்கு இன்ஜினியரிங் ஆசை. பக்கத்துக் கல்லூரி என்றால் வயல் வேலைக்கும் உதவியாக இருக்கும் என்பது அப்பாவின் எண்ணம். மகன் ஒரு வாரம் உண்ணாவிரதம் இருந்தும் அப்பா அசையவில்லை. நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தார் மகன். படித்து முடித்ததும் அதே அப்பா, "ஒரு தடவை தடுத்துட்டேன், இனித் தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன்" என்ற பொருளில் பேசினாராம். மகன் இன்ஜினியரிங் படிக்கச் சென்னை எம்.ஐ.டி.க்குப் போனார். 2018இல் இஸ்ரோ தலைவரான கே. சிவன்தான் அவர், பேட்டியில் அவரே சொன்ன கதை இது.

பெரியவர்கள் காட்டும் வழியில் போவதா, தானே தேடுவதா என்ற கேள்வி எல்லா மாணவர்களுக்கும் வரும். 'நான் யார், எதை நோக்கிப் போகிறேன்' என்பதை மாணவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் பெர்சான்ஸ்கி. சிலர் விசாரித்து, யோசித்து முடிவெடுக்கிறார்கள். சிலர் பெரியவர்கள் சொன்ன வழியை ஏற்கிறார்கள். சிலர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதல் இரண்டு வகையினருக்கும் எடுத்த காரியத்தில் பிடிப்பு உண்டு என்கின்றன ஆய்வுகள். ஆகவே, "அப்பா சொன்னார், சேர்ந்தேன்" என்கிற பிள்ளையை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நிலைமை மாறும்போது வளைந்துகொடுப்பதுதான் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிரமம்.

எனக்குக் கவலை மூன்றாம் வகையைப் பற்றித்தான். "பிறவு பாத்துக்கலாம்" என்றே செமஸ்டர்கள் ஓடிவிடுகின்றன, அரியர் ஏறுகிறது. அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். எதற்காகப் படிக்கிறோம் என்ற பிடிப்பே இல்லாதவர், எதை நினைத்து விடியற்காலையில் எழுந்து புத்தகத்தைத் திறப்பார்? ஆனால் இப்படித் தள்ளிப்போடுவது பிறவிக் குணமல்ல. கல்லூரி வயதில் மூன்று விதமாகவும் நடந்துகொள்ளும் திறன் பெரும்பாலோருக்கு உண்டு என்பதே பெர்சான்ஸ்கியின் கருத்து.

பெற்றோரே, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சாயங்காலம் பிள்ளையைப் பேசவிட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது என்றாலும் கேளுங்கள். சரக்கல்விளை அப்பா மூன்று வருடம் கழித்துத்தான் மனம் மாறினார்.

அன்புடன்,
ஆசிரியர்