காப்டன் வேலைக்கு யோக்கியதை தோலா? திறமையா?

கிரிக்கெட்டு என்பதாக ஒரு ஆட்டம் உண்டு. வெள்ளைக்காரன் எந்தெந்த நாட்டுக்குப் போய் ஆட்சி செலுத்தினானோ அநேகமாக அந்தந்த நாட்டிலெல்லாம் அதையும் கொண்டுபோய் இறக்கினான். "ஆடத் தெரிந்தவன் ஆடுகிறான், பொழுதுள்ளவன் பார்க்கிறான், இதில் நமக்கென்ன?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். ஆட்டத்தின் நுட்பத்தைப் பற்றி எழுத நாம் முன்வரவில்லை. அந்த ஆட்டத்தில் 11 பேருக்கு ஒருவன் தலைவன். அவனைக் காப்டன் என்கிறார்கள். அந்த உத்தியோகம் ஒரு தேசத்தில் யாருக்கு, எந்த யோக்கியதையின் பேரில் கொடுக்கப்பட்டு வந்தது என்பதைத்தான் இங்கு எழுதப்போகிறோம். படித்துவிட்டு, இது கடல் கடந்த தேசத்துக் கதையா, நம் ஊர்க் கோவில் கதையா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

மேற்கிந்தியத் தீவுகள் என்பவை கரும்புத் தோட்டத் தீவுகள். ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பர்களைப் பிடித்துவந்து அடிமைகளாக விற்று, அவர்கள் முதுகில் சவுக்கடி கொடுத்து வெள்ளைக்காரன் சர்க்கரை எடுத்த இடம். அடிமை முறை ஒழிந்தபிறகு அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாகவும், நம் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்பேர்ப்பட்ட தீவுகளில் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர், மாநிறத்தார். வெள்ளையர் ஒரு கைப்பிடி. ஆனால் தோட்டமும் வியாபாரமும் அந்தக் கைப்பிடிக்குச் சொந்தம். கிரிக்கெட்டுக் காப்டன் வேலையும் அவர்களுக்கே சொந்தம்!

1928ம் வருஷத்தில் மேற்கிந்தியத் தீவுகள் முதன்முதலாக டெஸ்ட்டு என்னும் சர்வதேசப் பந்தயத்தில் இறங்கின. அது முதல் 1960 வரை 32 வருஷ காலம் நியமிக்கப்பட்ட காப்டன்கள் எல்லாம், ஒரே ஒருவர் நீங்கலாக, வெள்ளையர் அல்லது வெள்ளைக்கு அடுத்தபடியென்று எண்ணப்பட்ட வெளிர்நிறத்தவர். அந்த ஒருவர் ஜார்ஜ் ஹெட்லி. 22 டெஸ்டுகளில் 10 சதம், சராசரி 60க்கு மேல். 1939ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரே பந்தயத்தில் இரண்டு சதம் அடித்தவர். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் காப்டனாக நின்றது எத்தனை டெஸ்டு? 1948ல் பிரிட்ஜ்டவுனில் நடந்த ஒரே ஒரு டெஸ்டு!

மற்றவர்களுடைய யோக்கியதையைப் பார்ப்போம். 1930ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன கோஷ்டிக்கு ஜாக்கி கிராண்ட் காப்டன். அவருக்கு வயது 23. கேம்பிரிட்ஜில் படித்து வந்தவர். அதற்குமுன் ஒரு டெஸ்டுகூட ஆடியவரல்ல. முதல் டெஸ்டே காப்டனாக! அவர் விலகியபின் 1939ல் இங்கிலாந்துக்குப் போன கோஷ்டிக்குக் காப்டன் யார்? அவருடைய தம்பி ரோல்ஃப் கிராண்ட்! அவர் அதற்குமுன் சில டெஸ்டுகள் மாத்திரமே ஆடியவர். அவருக்குக் கீழே கைகட்டி நின்று ஆடியவர்களில் ஒருவர்தான் மேற்படி ஹெட்லி. குருக்கள் மகன் குருக்கள், தர்மகர்த்தா தம்பி தர்மகர்த்தா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பூணூல், இங்கே வெள்ளைத் தோல். வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

இனி பிராங்க் வொரெல் விஷயத்திற்கு வருவோம். இவர் 1924ல் பார்படோஸ் தீவில் பிறந்த கறுப்பர். 19 வயதில் டிரினிடாடுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 308 ஓட்டம் எடுத்தார். அன்று எதிர்ப்பக்கம் நின்று கூட ஆடி, 502 ஓட்டம் சேரும்வரை துணையிருந்தவர் ஜான் கோடார்டு என்னும் வெள்ளையர். இந்த இருவரில் பின்னால் டெஸ்டுக் காப்டன் ஆனவர் யார் என்று வாசகர்கள் ஊகிக்கலாம். 308 அடித்தவர் அல்ல. 218 அடித்தவர்!

1950ல் இங்கிலாந்தில் வொரெல் நாட்டிங்ஹாம் நகரில் ஒரே ஆட்டத்தில் 261 ஓட்டம் எடுத்தார். அந்த வருஷப் பந்தயங்களில் அவர் சராசரி 89. மேற்கிந்தியர் 3-1 என்று ஜெயித்தார்கள். காப்டன் கோடார்டு. 1955ல் ஆஸ்திரேலியர் வந்தபோது வொரெல், வீக்ஸ், வால்காட் என்ற உலகமறிந்த மூன்று கறுப்பர்களும் கோஷ்டியில் இருக்கையிலேயே, அவர்களைவிட அனுபவத்தில் இளையவரான அட்கின்சன் என்னும் வெள்ளையரைக் காப்டனாக நிறுத்தினார்கள். அட்கின்சன் அந்தப் பந்தயங்களில் ஒரு இரட்டைச் சதம் அடித்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர் ஆடத் தெரியாதவர் என்பது நம் வாதமல்ல. மூன்று மூத்தவர்களைத் தாண்டி அவரிடம் போய் நின்ற கண், எதைப் பார்த்துப் போயிற்று என்பதே நமது கேள்வி. 1957ல் மறுபடியும் கோடார்டைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். 3-0 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வியிலும் ஒரு ஆட்டத்தில் முதலில் இறங்கிக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 191 எடுத்தவர் வொரெல். அதற்கடுத்தபடியாக 1958ல் காப்டன் ஆனவர் அலெக்சாண்டர் என்னும் வெளிர்நிறத்தவர். அதற்குமுன் அவர் ஆடியிருந்த டெஸ்டு இரண்டே இரண்டு!

படிப்பை முடிக்க வேண்டியிருந்ததால் அந்த வருஷங்களில் சில பந்தயங்களுக்கு வொரெல் போகவில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய வருஷங்களில் அவர் எங்கே போயிருந்தார்? கண்முன்னே மட்டையும் கையுமாக நின்றுகொண்டுதானே இருந்தார்?

கறுப்பனுக்குக் காப்டன் வேலை கொடுக்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மிகவும் வேடிக்கையானவை. அவனுக்குப் பக்குவம் வரவில்லையாம். தன் ஜனங்களையே அடக்கி நடத்த அவனால் ஆகாதாம். படிப்பும் நாகரிகமும் போதாதாம். வொரெல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கியவர். 1950-51ல் இந்தியாவுக்கு வந்த காமன்வெல்த்துக் கோஷ்டியில், காப்டனாக வந்த வெள்ளையர் ஆட முடியாதபோது, இங்கிலாந்துக்காரர் முதலானோர் அடங்கிய அந்தக் கோஷ்டியை வொரெல்தான் நடத்தினார். வெள்ளைக்காரரை இந்தியாவில் நடத்தத் தெரிந்தவருக்குத் தன் சொந்த ஊர்க்காரரை நடத்தத் தெரியாதாம்! இதைவிட அயோக்கியத்தனமான காரணம் வேறு உண்டா?

இன்னொரு தந்திரமும் உண்டு. பரம்பரைச் சொத்துள்ளவன் கூலி வாங்காமல் ஆடினால் அவன் கௌரவ ஆட்டக்காரன். அன்றாடம் பிழைக்க வேண்டியவன் ஆட்டத்துக்குக் கூலி கேட்டால் அவன் பேராசைக்காரன். 1948-49ல் இந்தியப் பயணத்திற்கு வொரெல் தக்க ஊதியம் கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். கோஷ்டி அவரில்லாமலே வந்தது. உழைப்பவன் கூலி கேட்டால் குற்றம், உழைக்காதவன் தட்சணை கேட்டால் தர்மம் என்பதை நம் நாட்டார் அறியாதவர்களா?

நிற்க, இந்தக் கோட்டை எப்படி இடிந்தது? கடவுள் கருணையாலா? காலம் கனிந்ததாலா? எஜமானர்களுக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்ததாலா? இல்லை. டிரினிடாடில் "நேஷன்" என்னும் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்த ஸி.எல்.ஆர். ஜேம்ஸ் என்னும் கறுப்பர் 1960ல் வாராவாரம் இதே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினார். உலகத்திலேயே அனுபவம் மிகுந்த ஆட்டக்காரனை, அலெக்சாண்டருக்குக் கீழே நிறுத்துவது என்ன நியாயம் என்று கேட்டார். ஜனங்கள் அதையே திருப்பிக் கேட்டார்கள். பதில் சொல்ல வழியில்லாமல் வொரெலைக் காப்டனாக்கினார்கள். கேட்டதால் வந்தது. கேட்காமலிருந்தால் இன்னும் ஒரு கிராண்டுக்குத் தம்பியோ மருமகனோ கிடைக்காமலா போயிருப்பார்?

"பக்குவம் வராத" அந்தக் கறுப்பர் செய்ததென்ன? 1960 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் முதல் டெஸ்டு. கடைசி ஓவரில் ஆஸ்திரேலியருக்கு வேண்டியது 6 ஓட்டம், கையில் 3 விக்கெட்டு. பந்து வீசியவர் வெஸ் ஹால் என்னும் கறுப்பர். மூன்று விக்கெட்டும் விழுந்தன. கடைசி விக்கெட்டை, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு குச்சி மட்டும் தெரிய, எறிந்து வீழ்த்தியவர் ஜோ சாலமன். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் சந்ததி. இரு பக்கமும் ஓட்டம் சமம். டெஸ்டுச் சரித்திரத்தில் முதன்முதலாக வெற்றி தோல்வியில்லாத சமநிலை அதுவே. தன் ஜனங்களை நடத்தத் தெரியாதவன் கோஷ்டி அந்தக் கடைசி ஓவரில் கலங்காமல் நின்ற அழகு இது!

பந்தயத் தொடரில் மேற்கிந்தியர் 2-1 என்று தோற்றார்கள். ஆனாலும் 1961 பிப்ரவரியில் மெல்போர்ன் நகர வீதிகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி, திறந்த வண்டிகளில் போன அவர்களை வழியனுப்பினார்கள். அப்போது ஆஸ்திரேலியா எப்படிப்பட்ட நாடு? நிறமுள்ளவன் குடியேறக் கூடாதென்ற கொள்கை வைத்திருந்த நாடு! ஜனங்களுக்குத் தோல் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. தோலைக் காட்டிப் பிழைத்தவர்களுக்குத்தான் அது பொருட்டாக இருந்தது.

காப்டன் வேலையை விட்டிறங்கிய அலெக்சாண்டர் வொரெலுக்குக் கீழே மனங்கோணாமல் ஆடினார். அந்தப் பயணத்தில் 60 சராசரியில் ஓட்டம் எடுத்தார். முன் காட்டாத திறமையை அப்போது காட்டினார். ஆகவே, பிறப்பினால் கொடுக்கும் பதவி கீழே உள்ளவனை மாத்திரமல்ல, பதவி வகிப்பவனையும் கெடுக்கிறது என்பது விளங்கவில்லையா?

அடுத்து 1962ல் இந்தியாவை 5-0 என்றும், 1963ல் இங்கிலாந்தை 3-1 என்றும் ஜெயித்து வொரெல் ஓய்வு பெற்றார். காப்டனாக 15 டெஸ்டில் 9 வெற்றி, 3 தோல்வி, 2 முடிவில்லாதவை, 1 சமம். காப்டன் வேலை கிடைத்தபோது அவருக்கு வயது 36. ஆட்டக்காரனுடைய நல்ல வயதெல்லாம் போனபின் கிடைத்த மூன்று வருஷத்தில் செய்தது இவ்வளவு. 1967ல் 42வது வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

1962ல் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். இந்தியக் காப்டன் நாரி கண்ட்ராக்டருக்குப் பார்படோஸில் பந்து பட்டு மண்டை உடைந்தது. உயிர் ஊசலாடிற்று. முதலில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர் எதிர்க்கோஷ்டிக் காப்டன் வொரெல். வங்காளக் கிரிக்கெட்டுச் சங்கத்தார் 1981 முதல் அவர் பெயரால் ரத்ததான நாள் நடத்தலானார்கள். கறுப்பருடைய ரத்தம் பார்சிக்காரர் உடம்பில் ஓடிற்று. அவர் பிழைத்தார். வைத்தியர் என்ன ரத்த வகை என்று பார்த்தாரா, என்ன ஜாதி என்று கேட்டாரா? ரத்தத்திலேயே உயர்வு தாழ்வு இருக்கிறதென்று சொல்லுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நம் நாட்டு யோக்கியதை இதற்குக் குறைந்ததல்ல. பல்வங்கர் பாலு என்பவர் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். 1911ல் இங்கிலாந்துக்குப் போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவர் வீசிய பந்தை மேல்ஜாதியார் தொட்டார்கள். ஆனால் பூனாவில் அவருக்கு மாத்திரம் தேநீர் வெளியே வைத்து மண்குவளையில்! பம்பாய் இந்துக் கோஷ்டிக்கு அவர் ஒருநாளும் காப்டனாக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டல்தான், அதுவும் பெரிய கிளர்ச்சிக்குப் பிறகு, 1923ல் அந்தப் பதவிக்கு வந்தார். பந்துக்கு இல்லாத தீட்டு மனிதனுக்கு எப்படி வந்தது?

கடைசியாக ஒன்று சொல்லுவோம். வொரெலைத் தெய்வமாக்கி மாலை போட வேண்டாம். "இவர் அபூர்வப் பிறவி, அதனால் கிடைத்தது" என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்வது எதிரிக்கே அனுகூலம். ஏனெனில், மேல் தோலில் பிறந்தவன் சாதாரணமானவனாக இருந்தாலே போதும், கீழே தள்ளப்பட்டவன் மாத்திரம் மகா மேதாவியாக இருக்கவேண்டும் என்பதுதான் இந்த மோசடியின் உயிர்நிலை. சாதாரண வெள்ளையனுக்குக் கிடைத்தது சாதாரணக் கறுப்பனுக்கும் கிடைக்கிற அன்றைக்குத்தான் சமத்துவம்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரிலோ, பள்ளிக்கூடத்திலோ, சங்கத்திலோ, ஆபீசிலோ, "உங்களுக்கு இன்னும் தகுதி வரட்டும்" என்று யாராவது சொன்னால் தலை குனிந்து திரும்பி வராதீர்கள். "எங்கள் தகுதியை அளக்கும் கோலை உன் கையில் கொடுத்தது யார்? அதே கோலால் உன்னை எப்போது அளந்தார்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள். ஊரே கேட்டால் வழி விடுவார்கள்.