தாய்க்குச் சோறில்லை, தாய்ப்பாலுக்கு வார விழாவாம்!

ஆண்டுதோறும் ஆகஸ்டு பிறந்தால் போதும். முதல் தேதியிலிருந்து ஏழாம் தேதிவரை தாய்ப்பால் வாரம். மந்திரிமார் பேசுகிறார்கள். அதிகாரிகள் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவர்களில் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படம் தொங்குகிறது. "தாய்மார்களே, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள்! கீரை சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், பழம் சாப்பிடுங்கள், நன்றாக ஓய்வெடுங்கள்!" என்று உபதேசம் மழையாய்ப் பொழிகிறது.

உபதேசத்தில் பிழையில்லை. ஒவ்வொரு சொல்லும் வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மைதான். ஆனால் நாம் கேட்கிறோம்: முட்டைக்கும் பழத்துக்கும் காசு எங்கே? ஓய்வெடுக்கும் நாளுக்குக் கூலி எங்கே? ஸ்பின்னிங் மில்லில் பிரேமுக்குப் பிரேம் ஓடி அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருப்பவளும், சேற்றில் குனிந்து நாற்று நடுபவளும், இரண்டு மணிக்கொரு தரம் பிள்ளைக்குப் பால் கொடுப்பது எப்படி? இதற்கு மட்டும் அந்த மேடைகளில் பதில் கிடையாது.

அறியாமையா, இல்லாமையா?

"ஜனங்களுக்கு அறிவு போதாது, விழிப்புணர்ச்சி இல்லை" என்பது கனவான்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இந்தச் சமாதானத்தைச் சர்க்காரின் கணக்கைக் கொண்டே பரிசோதிப்போம்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நான்கு குழந்தைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. இந்தியா முழுமைக்கும் பார்த்தால், கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. 6 மாதம் முதல் 23 மாதம்வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் போதுமான உணவு கிடைக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரிந்த தாய்க்கு முட்டை தின்னத் தெரியாதா? ஊசி போட்டுக்கொள்ளத் தெரிந்தவளுக்குப் பருப்பின் ருசி தெரியாதா? தெரியும், தோழர்களே! ஆஸ்பத்திரியின் கதவு திறந்திருந்தது, போனாள். முட்டைக் கடையின் கதவு காசுக்கல்லவா திறக்கிறது! இதற்கு அறியாமை என்று பெயரில்லை. இல்லாமை என்று பெயர்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு அன்றாடம் 350 கலோரி கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். அதாவது ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. அதுவும் வெறும் சோறாக இருந்தால் போதாது. ரேஷன் அரிசியால் வயிறு நிறைகிறது. ரத்தம் ஊற வேண்டுமானால் பருப்பும் கீரையும் கேழ்வரகும் முட்டையும் மீனும் கறியும் தட்டில் விழ வேண்டும். வேலை செய்யும் காலத்திலேயே வாங்க முடியாததை, வேலை நின்றுபோன பிரசவ காலத்தில் எப்படி வாங்குவது?

ரத்தத்தை உறிஞ்சுவது எது?

ரத்தசோகை கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகிற வியாதியல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று மங்கலமாய்ப் பெயர் வைத்து, கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய கொடுமையை நாடறியும். வளரும் வயதில் ராத்திரி ஷிப்டும் அரைகுறைச் சாப்பாடும். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை. ரத்தம் வற்றிய உடம்போடு தாலி கட்டிக்கொள்கிறவள், ரத்தம் வற்றிய உடம்போடுதான் கருவைச் சுமக்கிறாள். கல்யாணமானதும் அவளை வெளியே அனுப்பிவிட்டால் பிரசவ விடுப்பு கொடுக்கும் செலவும் மில்காரனுக்கு மிச்சம்!

வயல் பக்கம் வாருங்கள். வெறுங்காலோடு மண்ணிலும் சேற்றிலும் நிற்பவர்களின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உடம்புக்குள் நுழைகிறது. குடலில் தொற்றிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது. வெயில் இன்னொரு சத்துரு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்லுகிறது? வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும் அபாயம் இரண்டு மடங்கு என்கிறது. "வெயிலில் போகாதே" என்று டாக்டர் சொல்லிவிடலாம். கூலி யார் கொடுப்பது?

சட்டம் யாருக்கு?

ரஷ்யாவில் 1917 புரட்சி நடந்த சில மாதங்களுக்குள்ளாகவே உழைக்கும் பெண்களுக்குச் சம்பளத்தோடு 16 வார பிரசவ விடுப்பு அறிவிக்கப்பட்டது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு 12 வாரம் என்று தீர்மானித்தது. நம் நாட்டில் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ சகாய மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்து நின்றார். தாயின் நலம் தேசத்தின் நலம். அதன் சுமையைச் சர்க்கார் ஏற்க வேண்டும். உழைப்பின் பலனை அனுபவிக்கும் முதலாளியும் பங்கேற்க வேண்டும் என்று வாதாடினார். 1929இல் பம்பாயில் சட்டமாயிற்று. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் வந்தது. 2017இல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரம் என்பது 26 வாரமாயிற்று. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதிகள் இருக்கின்றன.

நல்ல சட்டம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 வாரத்தில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தால், பின்னே மிஞ்சுவது 18 வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறார்கள். நாலு மாதம் முடிந்ததும் மில் சங்கு கூப்பிடுகிறது! பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது. எத்தனை மில்லில் இருக்கிறது? உங்கள் மில்லில் இருக்கிறதா?

இதுவும் கிடைப்பது யாருக்கு? வருகைப் பதிவேட்டில் பேர் உள்ளவளுக்கு. கான்ட்ராக்டில் வருகிறவளை "எங்கள் ஆள் இல்லை" என்று மில்காரன் சொல்கிறான். "நான் வெறும் ஏஜெண்டு" என்று கான்ட்ராக்டர் சொல்கிறான். 2000இல் டில்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண்கள் வழக்கில், தினக்கூலிப் பெண்ணுக்கும் பிரசவ விடுப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. தினக்கூலிக்காரி களத்தில் இருக்கிறாள்.

விவசாயத் தொழிலாளிக்கோ அந்த விடுப்பே இல்லை. அவளுக்கென்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 33 ரூபாய்! அந்த 33 ரூபாயையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? 2017இல் மத்திய சர்க்கார் திட்டம் போட்டபோது, "முதல் குழந்தைக்கு மட்டும், 5,000 ரூபாய்" என்று வெட்டினார்கள். 2022இல், "இரண்டாவது பெண்ணானால் 6,000" என்று சேர்த்தார்கள். இரண்டாவது பிள்ளை ஆணாய்ப் பிறந்தால் தாய்க்குப் பசிக்காதோ? "ஒவ்வொரு" என்று சட்டம் எழுதிய சொல்லைத் திட்டத்தின் அடிக்குறிப்பு தின்றுவிட்டது!

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி 2018இல் 18,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. மற்ற இடங்களைவிட இது மேல்தான். ஆனால் மிச்சமுள்ள 14,000 ரூபாயை 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 77 ரூபாய். ஒரு நாள் கூலிக்கு இது ஈடாகுமா?

டப்பாப் பால் வியாபாரிகள்

தாயை வேலைக்கு இழுத்துக்கொண்ட முதலாளித்துவம், பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது? டப்பாவைக் கொடுக்கிறது. 1939இலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், தாய்ப்பாலைவிட டப்பாப் பால் மேல் என்று பிரசாரம் செய்வது கொலைக்குச் சமானம் என்று பேசினார். ஏழை வீட்டில் டப்பா சீக்கிரம் தீரக்கூடாதென்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. புட்டியைக் காய்ச்ச விறகும் நேரமும் இல்லை. வயிற்றுப்போக்கு வருகிறது, பிள்ளை மெலிகிறது. 1981இல் உலக சுகாதார சபை டப்பாப் பால் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது ஆதரவாக 118 நாடுகள் கை தூக்கின. எதிர்த்து வோட்டுப் போட்டது ஒரே நாடு: அமெரிக்கா! நம் நாட்டிலும் 1992இல் இந்த விளம்பரத்துக்கும் இலவச மாதிரிக்கும் தடைச் சட்டம் வந்தது.

வியாபாரி அடங்கினானா? நெஸ்லே கம்பெனியின் செரலாக் குழந்தை உணவைப்பற்றி ஸ்விட்ஜர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் சரக்கில் ஒரு வேளைக்குச் சராசரி 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது. கம்பெனியின் சொந்த நாடான ஸ்விட்ஜர்லாந்தில் விற்பதில் சேர்க்கப்படவில்லை என்று அது கூறியது. "சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செய்கிறோம்" என்றது கம்பெனி. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு பண்டம், கறுத்த குழந்தைக்கு இன்னொரு பண்டமா?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பண்ணையார்

ஆண் தோழர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. வீட்டில் முதல் தட்டு யாருக்கு? மீன் துண்டும் முட்டையும் யாருக்கு? எல்லோரும் தின்று மிஞ்சிய ரசத்தையும் பழையதையும் தின்கிறவள் யார்? கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் பண்ணையார்த்தனம் செய்வது வர்க்க உணர்ச்சியாகாது. கர்ப்பிணி முதலில் சாப்பிடட்டும். தண்ணீர்க் குடத்தையும் விறகுச் சுமையையும் நீங்கள் தூக்குங்கள்.

பிரசவித்த உடன் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து கொட்டுவது, பிள்ளைக்கு வரும் பாதுகாப்பைக் கொட்டுவதாகும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது. மசித்த பருப்புச் சோறும் கேழ்வரகுக் கூழும் முட்டையும் கீரையும் சேர வேண்டும். இரண்டு வயதுவரை தாய்ப்பாலும் தொடர வேண்டும். பத்தியம் என்று பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள். நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் விழுங்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ நல்லது. மூன்று மாதம் கழிந்தபின் பூச்சி மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

மில் சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு சேர்த்துக் காப்பகத்தையும் பால் கொடுக்கும் இடைவேளையையும் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். அதைப் பெண்கள் விவகாரம் என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளக்கூடாது. பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்கு முந்திய ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நின்று செய்யும் வேலையை அவளுக்குத் தரக்கூடாது. விடுப்பில் இருப்பவளை வேலைநீக்கம் செய்யவும் கூடாது. இவை ஏற்கெனவே சட்டமானவை. கேட்டு வாங்க வேண்டியவை. இ.எஸ்.ஐ. சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று ஒவ்வொரு பெண்ணும் இப்போதே பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா சேராவிட்டால் பிரசவச் சம்பளம் கிடைக்காது.

விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கேட்க வேண்டியது இது: ஒவ்வொரு பிரசவத்துக்கும், பிரசவத்துக்குப் பின் முழுசாக 26 வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமான தொகையைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். ரேஷனில் பருப்பும் கேழ்வரகும் முட்டையும் கர்ப்பிணிக்கு வேண்டும். 2005இன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்துக்கு ஐந்து பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைக் கூலி கொடுத்து வைக்கச் சொன்னது. அந்த ஏற்பாடு ஒவ்வொரு வேலைத் தலத்துக்கும் வேண்டும். இத்தனையும் வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் அங்கன்வாடி ஊழியருக்கு "மதிப்பூதியம்" போதாது. தொழிலாளி என்ற அந்தஸ்தும் சம்பளமும் வேண்டும்.

"விடுப்புக் கொடுத்தால் பெண்களை வேலைக்கே வைக்கமாட்டோம்" என்று முதலாளிகள் மிரட்டுவார்கள். 1928லும் இப்படித்தான் மிரட்டினார்கள், மில்கள் மூடிவிடவில்லை. தனித்தனி முதலாளிமீது சுமை விழுகிறதென்றால், எல்லா முதலாளிகளிடமும் வரி வாங்கிச் சர்க்காரே பொது நிதியிலிருந்து கொடுக்கட்டும். நாளைக்கு இவர்கள் மில்லில் நூல் நூற்கப்போவதும், இவர்கள் வயலில் கதிர் அறுக்கப்போவதும் அந்தப் பிள்ளைகள்தானே! பிள்ளையின் உழைப்பு வேண்டும், பிள்ளையின் பால் செலவு மட்டும் வேண்டாமா?

அடுத்த ஆகஸ்டில் உங்கள் ஊருக்கும் மேடை வரும், மாலை வரும், ஒலிபெருக்கி வரும். தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறு மாதக் கூலி எப்போது தருகிறீர்கள்?"