ஸ்டெம் செல் ஊசி போட்டால் சர்க்கரைப் புண் ஆறிடுமா?

சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். அதனால்தான் செருப்பு கடித்த புண்கூட ஆறாமல், விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வருகிறது. ஸ்டெம் செல்கள் புது ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டலாம் என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை. ஆனால் சர்க்கரைப் புண்ணுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை இல்லை.

ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் 'பேக்கேஜ்' பேசினால் உஷாராகிடணும்.

பணம் போவதோடு, சிகிச்சைக்கான நேரமும் போய்விடும். கிருமித்தொற்றை உடனே அடக்குவது, ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வது, புண்மேல் எடை விழாமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது: காலைக் காப்பாற்ற இன்று கைவசம் இருப்பவை இவைதான். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவங்க பாதத்தை இன்றே ஒருமுறை பாருங்க.