எண்ணிக்கையில் மறையும் தொழிலாளர்

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? கேள்வி எளியது, விடையோ கேட்பவரைப் பொறுத்து மாறுகிறது. 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிகளுக்கும் தடை விதித்தபொழுது, நேராகவும் மறைமுகமாகவும் இத்தொழிலை நம்பி வாழ்வோர் எட்டு லட்சம் பேர் என்று தொழிலதிபர் தரப்பில் முறையிடப்பட்டது. அந்த எட்டு லட்சத்தில் பிராவிடண்டு பண்டுப் பட்டியலில் பெயர் ஏறியவர் எத்தனை பேர் என்று கேட்டாலோ, லட்சங்கள் கரைந்துவிடும். ஒரே கட்சிக்காரர் ஒரு கோர்ட்டில் ஒரு பிரமாணமும் மற்றொரு கோர்ட்டில் வேறு பிரமாணமும் செய்வாரானால் எந்த நியாயாதிபதி பொறுப்பார்? தொழிலாளர் கணக்கில் மட்டும் இதை நாம் பொறுத்து வருகிறோம்.

இது புதிய வியாதியன்று. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறுவர் 45,000 பேருக்குக் குறையார் என்று 1983-ல் ஸ்மிது கோத்தாரி என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். 1985 டிசம்பர் 31-ந் தேதிக் கணக்குப்படி ரிஜிஸ்தர் செய்யப்பட்ட தீப்பெட்டி ஆலைகள் 221. அவற்றில் தொழிலாளர் 27,338. அவர்களுள் சிறுவர் 2,941. இக்கணக்கை 1996 டிசம்பர் 10-ல் வெளியான சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே காணலாம். இரண்டில் ஒன்று பொய் என்று நாம் சொல்லத் துணியோம். ஒன்று ரிஜிஸ்தரில் உள்ள ஆலைகளை மட்டும் எண்ணியது. மற்றது தொழில் முழுவதையும் மதிப்பிட முயன்றது. எங்கே கோடு கிழித்தோம் என்பதே எத்தனை பேர் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

அகில இந்தியக் கணக்கிலும் இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். 1970-ல் தந்த்வாலா கமிட்டி கூறிய யோசனைகளைத் தழுவி, 1972-73 முதல் வீடு வீடாகச் சென்று வேலை நிலைமையை விசாரிக்கும் முறை ஏற்பட்டது. 2017 முதல் அது தொடர்ச்சியான ஆய்வாக நடைபெறுகிறது. வாராந்தர முறைப்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையுள்ளவரே. மழையினால் ஆலை மூடிய வாரத்தில், வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிய பெண்ணும் அவ்வாரம் வேலையற்றவள் அல்லள்!

அவளை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதோ இன்னும் விசித்திரம். காகிதமும் பசையும் பிறரிடம் பெற்று, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வீட்டிலிருந்து வேலை செய்வோரைச் சர்க்கார் ஆய்வு பொதுவாகச் சுயதொழில் செய்வோராகவே கொள்கிறது. கூலியை நிர்ணயிக்கவும், சரக்கைத் தள்ளவும், வேலையை நிறுத்தவும் அதிகாரம் ஏஜெண்டிடம் இருக்க, அவளோ தன் தொழிலுக்குத் தானே எஜமானி என்று ஏட்டில் பதிவாகிறாள். எஜமானிக்கு ஏது ஈ.எஸ்.ஐ.? ஏது நஷ்டஈடு?

பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை 2017-18-ல் நூற்றுக்கு 6.0 ஆக இருந்து 2023-24-ல் 3.2 ஆகக் குறைந்தது என்று பெருமை பேசுவோர், அதே ஆய்வு கூறும் மற்றொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வேலை செய்வோரில் சுயதொழிலார் பங்கு அதே காலத்தில் 52.2-லிருந்து 58.4 ஆக உயர்ந்தது. வேலையின்மை குறைந்ததென்பது ஏட்டின்படி மெய். ஜீவனம் சிறந்ததென்பதற்கு அது சாட்சியாகாது.

புள்ளிவிவர அதிகாரிகளை நாம் குறை கூறவில்லை. ஒரு மணி நேர விதி 1982-ல் சர்வதேச மகாநாடு வகுத்தது. நாட்டின் உற்பத்திக்குக் காரணமான உழைப்பு எதுவும் விடுபடலாகாது என்பதே அதன் நோக்கம். இலக்கணத்தை அவர்கள் ஒளிக்கவுமில்லை. இலக்கணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மேடையேற்றுவோர் மீதே நமது குற்றச்சாட்டு.

2025 ஜனவரி முதல் இவ்வாய்வு ஜில்லாவை அடிப்படையாகக் கொள்ளுமாறு திருத்தப்பட்டுள்ளது, நல்ல காரியம். 2027 மார்ச்சு 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு ஜனத்தொகைக் கணக்கும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இத்தருணத்தில் நாம் கோருவன மூன்று. எண்ணிக்கைக் கூலிக்கு வீட்டில் வேலை செய்வோரைச் சுயதொழிலாரினின்று பிரித்துக் காட்டவேண்டும். வேலை உண்டா என்பதோடு, எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதையும் விருதுநகர் ஜில்லாவுக்குத் தனியே வெளியிட வேண்டும். ஆலைகளின் ஆஜர்ப் பட்டியலை ஈ.எஸ்.ஐ. பட்டியலோடு ஒப்பிட்டு, முடிவைப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். அத்தகைய நாளில் நஷ்டஈடு கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு ஏட்டிலுள்ள பெயரே முதற் சாட்சி. தொழிலாளர் சங்கத்தாரும் தேசத் தொண்டர்களும் சர்க்காருக்காகக் காத்திராமல், தத்தம் கிராமத்தில் யார் யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று இன்றே ஒரு கணக்கு எடுத்து வைப்பார்களாக. சர்க்கார் கணக்கு வெளியாகும்பொழுது அதை ஒப்பிட்டுக் கேள்வி கேட்க அதுவே கருவியாகும்.