நாற்பது நிமிஷத்துத் தரங்கம்பாடி

என் நண்பர் ஒருவர் சென்ற மாதம் திருக்கடையூருக்குப் போய்த் தம் தமையனாரின் அறுபதாம் கல்யாணத்தைச் சிறப்பாக நடத்தி வைத்துவிட்டுத் திரும்பினார். கையில் பிரசாதமும், பையில் செல்பேசியுமாக என் வீட்டுக்கு வந்தார். பிரசாதத்தைக் கொடுத்த கையோடு செல்பேசியையும் என்னிடம் நீட்டினார்.

"தரங்கம்பாடியும் பார்த்தாச்சு, ஸார்! பக்கத்திலேதானே இருக்கு? நாற்பது நிமிஷம். கோட்டை, கடற்கரை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். முடிஞ்சுது! அப்புறம் நேரே திருநள்ளாறு."

"வேறு எதுவும் பார்க்கவில்லையா?"

"வேறே என்ன இருக்கு அங்கே?"

இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். கேட்டவர் சரித்திர நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். கதையிலே சோழ நாட்டுக் கப்பல் ஒன்று மூழ்கினால் இவர் வீட்டில் அன்று சாப்பாடு இறங்காது. என் தொடர்கதை ஒன்றில் கலங்கரை விளக்கத்தை ஊருக்குத் தெற்கே வைத்துவிட்டேன் என்பதற்காக, "வடக்கே அல்லவா இருக்க வேண்டும்?" என்று அஞ்சலட்டை போட்டுத் திருத்தியவர். அப்படிப்பட்டவர் உண்மையான சரித்திரம் கிடக்கும் மணலிலே நடந்துவிட்டு, "என்ன இருக்கு?" என்று கேட்கிறார்! ஆகவே இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது மட்டும் அல்ல; வாசக நண்பர்களே, உங்களையும் என்னையும் பற்றியதுந்தான்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே என்னென்ன பார்க்கலாம்?" என்பது. உடனே ஒரு ஜாபிதா கிடைத்துவிடுகிறது. மளிகைக்கடை ஜாபிதாவில் துவரம்பருப்பை அடித்துவிட்டு மிளகாய்க்குப் போவது போல, கோட்டையை அடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறோம். கடைசிச் சாமானும் வாங்கியாயிற்று என்றால் ஊர் முடிந்தது! ஊர் என்ன, கடைச் சரக்கா?

சரி, அந்த ஜாபிதாவாவது நியாயமாக இருக்கிறதா? தரங்கம்பாடி என்றால் "தமிழ்நாட்டில் ஒரு குட்டி டென்மார்க்" என்று சொல்லிவிடுகிறார்கள். 1620-ஆம் வருஷத்தில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே வந்து கோட்டை கட்டினார்கள். வருஷா வருஷம் தஞ்சை அரசருக்குக் கப்பமும் கட்டி வந்தார்கள். அதாவது, குடக்கூலிக்கு வந்தவர்கள். 1845-இல் செராம்பூரையும் இதையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். குடக்கூலிக்கு வந்தவர் வீட்டையே விற்றுவிட்டுப் போன கதை இது! வீட்டுக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நாம்.

கோட்டைக்குச் சிறிது தூரத்தில், அலை வந்து அறையும் இடத்திலே மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 1306-ஆம் வருஷத்தை ஒட்டி, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். கோட்டைக்கு முன்னூறு வருஷம் மூத்தது. ஊரின் பெயருக்கு "அலைகள் பாடும் ஊர்" என்று எல்லாரும் அழகாகப் பொருள் சொல்கிறார்கள். கல்வெட்டோ "சடங்கன்பாடி" என்றும், "குலசேகரன்பட்டினம்" என்றும் சொல்கிறது. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நண்பரின் செல்பேசியில் கோட்டைக்கு முப்பது படங்கள். கோயிலுக்கு ஒன்றுகூட இல்லை. "அது ஏதோ சின்னக் கோயில், ஸார்" என்றார்.

கோட்டையையாவது பார்த்தாரா? பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். சுவரைப் பார்த்தார். 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியாராக அங்கே வந்து இறங்கினார். தமிழ்க் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். கோட்டைத் தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. விளைவு, அதே கோட்டையில் நாலு மாதச் சிறைவாசம்! பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்ட இடத்துக்கு அருகில்தான் இது நடந்தது.

அவர் வந்தது மதம் மாற்றுவதற்கு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்திலே தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், ஜாபிதாவும் எழுதினார். ஜாபிதா என்றால் அதுவல்லவா ஜாபிதா! நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். "உம்மை அனுப்பியது அந்த மதத்தை ஒழிப்பதற்கு, பரப்புவதற்கு அல்ல" என்ற கருத்தில் அங்கே அதை ஒதுக்கிவிட்டார்கள். 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஒரு கையெழுத்துப் பிரதி காத்திருந்திருக்கிறது! பத்திரிகை ஆபீசுக்குக் கதை அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருக்கப் பொறுக்காத எழுத்தாளர்கள் அந்த ஊருக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

வாசகர்களும் போட வேண்டும். தமிழில் முதல் அச்சு அங்கேதான் என்று நான் முரசு கொட்ட மாட்டேன். 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் தரங்கம்பாடி அச்சுக்கூடம் தமிழை விடாமல் அச்சிட்டது. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முழுமையாக வெளியிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். இன்று ஈஸிசேரில் சாய்ந்து நாவல் படிக்கிற நாம் அத்தனை பேரும் அந்த ஈயத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

"குடும்பத்தோடு போகிறவனுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? லீவு ஒரு நாள். வண்டி வாடகை மணிக்கு மணி ஏறுகிறது. பிள்ளைகள் பசி என்று அழுகிறார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு என் பதில் இதுதான்: நேரம் குறைவென்றால் இடங்களைக் குறையுங்கள். ஒரே நாளில் ஐந்து ஊர் பார்த்தவன் ஐந்து ஊரையும் பார்க்காதவன். இந்த வருஷம் தரங்கம்பாடி. திருநள்ளாறு அடுத்த வருஷம். சனி பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார். காத்திருப்பது அவருக்குப் பழக்கம்.

நானும் முதல் தடவை போனபோது யோக்கியனாக நடந்துகொள்ளவில்லை. பகல் உச்சியில் போனேன், கோட்டையைச் சுற்றினேன், புறப்பட இருந்தேன். கரையோரம் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "கோட்டை பாக்க வந்தீங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா."

"எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க" என்றாள். பிறகு, அலை ஓரத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிக் காட்டினாள். "பாருங்க, எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நாங்க அப்படி நிக்கிறதில்லே. சுனாமிக்கு அப்புறம் நிக்கிறதே இல்லே."

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி அந்தக் கரையில் என்ன நடந்தது என்பது பத்திரிகையில் படித்த சங்கதிதான். ஆனாலும் அந்த அம்மாள் சொன்ன பிறகு வண்டியில் ஏற எனக்குக் கால் வரவில்லை. அன்று இரவு அந்த ஊரிலேயே தங்கினேன்.

ஆகவே, என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் ஜாபிதா சின்னது. போகுமுன் ஊரைப் பற்றி நாலு பக்கம் படியுங்கள். 1792-இல் கட்டிய நகர வாசலிலே வண்டியை விட்டு இறங்கி ராஜ வீதியில் நடந்து போங்கள். பாண்டியன் கோயிலில் ஒரு விளக்குக்கு எண்ணெய் கொடுங்கள். 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்தில், முப்பத்தாறு வயதில் இறந்துபோன அந்தத் தமிழ் மாணாக்கரின் கல்லறை முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மீன் விற்கிறவர்களிடம் விலையை மட்டும் பேசாமல் வேறு இரண்டு வார்த்தையும் பேசுங்கள். ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் படகுகள் திரும்புவதைப் பாருங்கள்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். செல்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் படங்களில் நாங்களும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறோம், ஸார்" என்றார்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறாராம். இந்தத் தடவை திருநள்ளாறு கிடையாது.