ஆற்றுக்குப் போய் வந்த கால்கள்



எங்கள் ஆச்சி எழுபத்தெட்டு வயது வரை தாமிரபரணியில்தான் குளித்தாள். விடியுமுன் திருநெல்வேலி டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கு நடை. இடுப்பில் குடம், தோளில் அழுக்குச் சேலை. படியிறங்கி, பாசி வழுக்கும் கல்லில் கால் ஊன்றி, குந்தி உட்கார்ந்து துவைத்து, பிழிந்து, நிறைகுடத்தோடு படியேறி, முருகனைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புவாள். பிறகு நாங்கள் வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டினோம். "இந்த வயசுல எதுக்கு ஆச்சி இம்புட்டுத் தூரம் நடக்கிய" என்று பிரியத்தில்தான் தடுத்தோம். இரண்டு வருடத்தில் சுவரைப் பிடிக்காமல் அவளால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. வயசாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

அந்த முடிவு தவறு என்று எனக்குத் தெரிய வெகு காலம் ஆனது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன உடற்பயிற்சிகள் மூன்று வகை. வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை, லேசாக மூச்சு வாங்கும்படியான நடை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. இதைப் படித்ததும் ஆச்சிதான் கண்முன் வந்தாள். நடை, குறுக்குத்துறைச் சாலையில். வலு, குந்தி எழுந்ததிலும் சேலை பிழிந்ததிலும் குடம் சுமந்ததிலும். தடுமாறாத கால், அந்த வழுக்குக் கல்லில். மூன்றையும் ஒருசேர நாங்கள் நிறுத்திவிட்டோம்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்குமேல் இன்னும் வேகமாக. ஆனால் உழைப்புக் கொடுத்தால் எந்த வயதிலும் தசை பதில் சொல்லும். 1990இல் மரியா ஃபியடரோனே என்ற மருத்துவர், அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்கள் ஒன்பது பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் அவர்களுடைய கால்வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலானது. சுவரைப் பிடிக்காமல் எழ முடியாமல் போனபோது ஆச்சிக்கு எண்பதுதான்.

உழைத்த தசைக்குச் சாப்பாடும் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களின் தட்டைக் கவனித்துப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, சாயங்காலம் காப்பியில் முக்கிய ரஸ்க், ராத்திரி மறுபடி இரண்டு இட்லி. "பல்லு இல்ல, செரிக்காது" என்று பருப்பும் பயறும் மீனும் ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 விளையும் பூமி இது. சோற்றை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சோற்றுக்குத் துணையைத்தான் கேட்கிறேன். அதற்கு வெளியூர் போகவேண்டாம். தோல் உளுந்து போட்டுப் பொங்கிய உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம்முடையவை. நூறு கிராம் உளுந்தில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பல் இல்லாதவர்களுக்கு உளுந்தங்களி இருக்கிறது. சமைந்த பெண்ணுக்கு இடுப்பு வலுக்க வேண்டுமென்று அதைக் கிண்டிக் கொடுத்த வீடுகள், இடுப்பு தளர்ந்த பாட்டிக்குக் கொடுக்க ஏனோ மறந்துவிட்டன. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியைக் குறைத்துக் கிண்டுங்கள், கருப்பட்டியும் இனிப்புதான். அவித்த முட்டை, குழைந்த சிறுபயறு, தூத்துக்குடிச் சாளை எல்லாமே மெல்ல எளிது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஆற்றுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல முடியாது. பல இடங்களில் சாக்கடை கலக்கிறது; தனியாகப் போகும் முதியவருக்குப் படித்துறை ஆபத்தும்கூட. ஆற்றைச் சுத்தமாக்கக் கேட்பது நம் கடமை. அதுவரை கால்கள் காத்திருக்காது. நடப்பதற்கு, 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. முழுத் தூரமும் போக வேண்டியதில்லை, முடிந்தவரை போதும். வீட்டில், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கையை ஊன்றியே தொடங்கட்டும். சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் சில நொடி நிற்கட்டும், நீங்கள் அருகில் இருங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். காய் நறுக்குவது, துணி மடிப்பது, கடைக்குப் போய்வருவது என்று அவர்கள் செய்யும் வேலையைப் பாசத்தால் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆச்சியோ தாத்தாவோ எந்தப் படித்துறைக்குப் போனார்கள், என்ன சாப்பிட்டார்கள், எத்தனை வயது வரை தாமாகவே நடந்தார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். தாமிரபரணிக் கரையில் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஒவ்வொரு ஊரிலிருந்தும் கடிதம் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்